பதினெட்டு டிகிரிப் பரணி

வாழ்க, சளிகொண்ட பெருமான்! பார்சல் அலுவலகத்தின் பட்டுவாடாப் பிரிவைத் தனித்தோளில் தாங்கும் மலையே, ஒரு தும்மலால் ஓராயிரம் ரசீதுகளைப் பறவைக் கூட்டமாய்ப் பறக்கவிடும் புயல்மூக்கோனே, கைக்குட்டையையே கழுத்துக் கவசமாய்ப் பூண்ட ஏந்தலே, ஊழியர் அனைவரும் 'கடுதாசி அண்ணன்' என்று விளிக்கும் கோமானே, நின் சமர் பாடுதும்!

நிற்க. சமர் மூண்ட காரணம் பின்வருமாறு. அண்ணனின் உச்சந்தலைக்கு நேர்மேலே ஏசி ஒன்று வடதுருவத்தின் வாசலெனத் திறந்து, பதினெட்டு டிகிரிப் பனிக்கணைகளைக் காலைமுதல் பொழிந்துகொண்டிருந்தது. அதன் ரிமோட்டோ, எதிர்மேசையில் வீற்றிருந்து விசிறிக்கொள்ளும், வியர்வையை வென்றறியாத, கூட்டலில் பிழையறியாத கணக்கு அக்காவின் கைமருங்கில் செங்கோலெனக் கிடந்தது. அன்று மாலையோ பெரிய வாடிக்கையாளர் வருகிறார். அவர்முன் நின்று பேச அண்ணனுக்கு முதன்முறையாக வாய்ப்பு வந்திருக்கிறது. பேசத் தொண்டை வேண்டும். அது பாதி போய்விட்டது.

எழுந்துபோய் எடுத்துக்கொள்ளலாமே என்பீர்கள். பாமரர் அவ்வாறு செய்வர். அண்ணனோ சென்ற வாரம்தான் பணியிடத் தகவல் தொடர்புப் பயிற்சியில் கோட்பாடுகளைக் கரைத்துக் குடித்து, 'கேஸ் ஸ்டடி' எனப்படும் நேர்வாய்வுகளை மென்று விழுங்கி, சான்றிதழும் கையுமாய் மீண்டவர். கட்டளையிடாதே, உணர்வைச் சொல் என்பது கோட்பாடு. ஒரே பளுதூக்கி இயந்திரத்துக்காக இரண்டு மேற்பார்வையாளர்கள் ஆண்டுக்கணக்கில் பேசாதிருந்த தொழிற்சாலையின் நேர்வாய்வும் அதையே முழங்கியது.

ஆகவே முதற்கண் சொல்லின்றிச் செய்தி உணர்த்தும் உடல்மொழி அத்திரத்தை ஏவினார். தோள் குலுக்கினார், பல் கிட்டினார், கைகளைத் தேய்த்துத் தீமூட்டுவார்போல் தோன்றினார்.

“என்ன அண்ணா, ஏதாவது நல்ல சேதியா? கையெல்லாம் தேய்க்கிறீங்க!” என்றார் அக்கா.

அத்திரம் மழுங்கியது. கருமேகம் இடியைக் கருக்கொள்வதுபோல் மூச்சைத் திரட்டி, மேசைகள் அதிர, அண்ணன் பிரகடனம் செய்தார்:

“அக்கா, எனக்குள்ள ஒரு குளிர் உணர்வு இருக்கு!”

அக்கா பேனாவைக் கீழே வைத்தார். கண்ணோடு கண் நோக்கினார். முகவாயை மும்முறை அசைத்தார்.

“உங்களுக்குள்ள ஒரு குளிர் உணர்வு இருக்குன்னு சொல்றீங்க. சரியா புரிஞ்சுக்கிட்டேனா?”

அந்தோ! அக்காவும் அதற்கு முந்தின குழுவில் அதே பயிற்சி பெற்றவர்! மாற்றார் மொழிந்ததைத் தன் வாயால் திருப்பி மொழிந்து உறுதிசெய்யாமல் மறுமொழி கூறுவது பெரும்பிழை என்னும் விதி இருவரையும் பிணித்தது. அண்ணன் தளர்ந்தாரல்லர்.

“நீங்க சரியா புரிஞ்சுக்கிட்டீங்களான்னு கேக்குறீங்க. அப்படித்தானே அக்கா?”

“அப்படித்தானேன்னு நீங்க என்கிட்ட கேக்குறீங்க. அப்படித்தானே அண்ணா?”

இரு களிறுகள் துதிக்கை பின்னி, முன்னும் போகாமல் பின்னும் பெயராமல் நின்று, இடையில் அகப்பட்ட புல்லையெல்லாம் மிதித்துக் குழம்பாக்குவதுபோல, நாழிகை பல கழிய, தேநீர் ஆறிப்போக, தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்துபோக, அவ்விருவரும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டே இருந்தனர்.

“ஐயோ, யாராவது ஒருத்தர் ஆமான்னு சொல்லித் தொலைங்களேன்!” என்று அலறினார் பக்கத்து மேசைத் தட்டச்சர். கோட்பாட்டில் இதற்கு இரைச்சல் என்று பெயர், இரைச்சலைப் பொருட்படுத்தலாகாது.

அக்கணம் அறைக்கதவு திறந்தது. அரிமாவென வெளிப்பட்ட மேலாளர் சற்றே நின்று கேட்டார். விழிகள் பனித்தன.

“அடடா! ஒருத்தர் பேச்சை ஒருத்தர் எவ்வளவு பொறுமையா கேக்குறீங்க! இதையே நேர்வாய்வா எழுதி அடுத்த பயிற்சிக்கு அனுப்புறேன். ஆமா, இங்க என்ன இவ்வளவு புழுக்கமா இருக்கு?”

என்றவர், எவ்விதக் கோட்பாடும் இன்றிக் கை நீட்டி, ரிமோட்டை எடுத்து, பதினாறில் வைத்துவிட்டுப் போனார்.

மாலை வந்தது; வாடிக்கையாளரும் வந்தார். முரசுகள் மௌனித்தன, திசைகள் செவி தீட்டின, அண்ணன் எழுந்து வாய் திறந்தார். திறந்த வாயினின்று வெறுங்காற்றே வெளிப்பட்டது. அருகிருந்த மேலாளரே அனைத்தையும் பேசி முடித்தார்.

மறுநாள் அண்ணன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஆபீஸுக்கு வந்தார்.