சித்தாள் கூலிக்கு ஒரு மேஸ்திரி

பாத்ரூம் சுவரில் ஓர் ஓட்டையை அடைக்க வேண்டும். அன்றைய வேலை அவ்வளவுதான்.

எக்ஸாஸ்ட் ஃபேன் கழன்று விழுந்த ஓட்டை. அதன் வழியாக எதிர்வீட்டு மாடியில் காயும் வடகத்தை எண்ணலாம். எதிர்வீட்டாரும் பதிலுக்கு எதையாவது எண்ணலாம்.

"சாயந்தரம் தூத்துக்குடியில இருந்து அண்ணன் குடும்பத்தோட வாராக. மதினி இந்த ஓட்டையப் பாத்தா என் மானமே போயிரும்!" என்றாள் மனைவி.

கிளம்பினேன். கட்டட வேலைக்கு ஆட்கள் காலையில் திருவொற்றியூர் முனையில் நிற்பார்கள். கையில் சிமெண்ட் பூசும் கரண்டி இருந்தால் மேஸ்திரி. வெறுங்கை என்றால் சித்தாள், கூலியும் பாதி. யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தும் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் உண்டு, சம்பளத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். 'திறமைக்கேற்ற ஊதியம்' என்று வருடாவருடம் பாடம் எடுக்கிறவனுக்கு அந்த முனையில் ஞானம் பிறந்தது. கூலி வித்தியாசம் மொத்தமும் கரண்டியில்தானே இருக்கிறது? அந்தக் கரண்டியை நாமே வாங்கிவிட்டால்?

எதிரே ஹார்டுவேர் கடை. வாங்கிவிட்டேன்!

வெறுங்கையோடு நின்ற தாஸ் என்பவரைப் பிடித்தேன். "ஓட்டை அடைக்கத் தெரியுமா?"

"இன்னா பெரிய மேட்டரு சார்? தெனம் பக்கத்துல நின்னு பாத்துகினுதான கீறேன். சித்தாள் கூலியே குடு, போதும்."

கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுக்கத் திரும்பினேன்.

ஒரு வேன் வந்து நின்றது. காண்ட்ராக்டர் தலையை நீட்டினார். "அத்திப்பட்டுல சைட்டு! மேஸ்திரிங்க ஏறு! யோவ் கரண்டி, வர்றியா?"

தாஸ் கரண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கரண்டியைப் பார்த்தார். ஏறிவிட்டார்!

"அது என் கரண்டிங்க!"

"கோச்சுக்காத சார். கைல கரண்டி வந்தப்புறம் சித்தாள் கூலிக்கு எப்டி சார் வர்றது? நாலு பேரு இன்னா பேசுவான்?"

காண்ட்ராக்டரிடம் முறையிட்டேன். "இவருக்கு மேஸ்திரி வேலையே தெரியாது!"

"எங்க இன்ஜினீயருக்கும்தான் தெரியாது. நீ நவுரு நைனா."

வேன் போனது. முனை காலி. டீக்கடையில் ஏழுமலை என்று ஒரே ஒரு மேஸ்திரி மிச்சம். முழுக் கூலி கேட்டார். பேரம் பேசுகிற நிலையில் நானில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டூலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். "சித்தாள் எங்க?"

"ஓர் ஓட்டைக்கு எதுக்குங்க சித்தாள்? நீங்களே கலந்துக்கலாமே."

"நானா? கலவைய நானே கலந்தேன்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கு எனக்கும் பாதிக் கூலிதான் சார் தருவான்!"

வகுப்பில் நான் இவ்வளவு தெளிவாகச் சொன்னதே இல்லை.

"நீ இன்னா படிச்சிகீற?" என்றார்.

"முனைவர் பட்டம்."

"பரவால்ல. மண்ணு சலிப்பியா?"

முகத்தைச் சுற்றித் துண்டைக் கட்டினேன். சலித்தேன், கலந்தேன், சட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன்.

"இது கலவையா, ரசமா? பேஜாரு பண்ணாத சார்!"

மனைவி டீ கொண்டுவந்தாள். மேஸ்திரிக்கு மிக்சரோடு. எனக்கு, "மொதல்ல ஓட்டைய மூடுங்க!"

மாலைக்குள் ஓட்டை மூடியது. மானம் தப்பியது. மிச்சமிருந்த கலவையையும் செங்கல் துண்டுகளையும் சட்டியில் அள்ளித் தலையில் சுமந்து படியிறங்கினேன். எதிரே மச்சான் குடும்பம் பெட்டியோடு ஏறி வந்தது.

"ஓரமா போப்பா," என்றார் மச்சான்.

அவர் மனைவி, ப்ளஸ் டூ படிக்கும் மகளின் காதில், எனக்கும் கேட்கும்படி சொன்னார். "பாத்தியாடி? ஒழுங்காப் படிக்கலைன்னா இந்தக் கதிதான்."

துண்டை விலக்கப் போனேன். விலக்கவில்லை. நான் எவ்வளவு படித்தவன் என்று தெரிந்தால், அந்தப் பெண் நாளைக்கே பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிடுவாள்.