மெக்கானிக் கிளம்பிட்டார்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மனைவியின் அண்ணன் எழுதிக்கொண்டது.

நீங்களும் தங்கையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி தேவலை, எனக்கு வேலை போய்விட்டது, நீங்கள் செய்து கொடுத்த சாட்பாட் மட்டும் அமோகமாக இருக்கிறது.

லிஃப்ட் கம்பெனியின் புகார் மேஜையில் இருபத்தாறு வருடம் போன் எடுத்தவன் நான். புகாருக்குத் தானாகவே பதில் எழுதும் சாட்பாட் செய்ய மேனேஜர் உங்களைக் கூட்டிவந்து என் பக்கத்தில் உட்காரவைத்தபோது, "எங்க வீட்டு மாப்பிள்ளையாக்கும்" என்று ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டவனும் நான்தான். "மச்சான், போன் பண்றவர்கிட்ட முதல்ல என்ன கேப்பீங்க, அவர் கத்தினா என்ன சொல்வீங்க, எல்லாத்தையும் சொல்லுங்க, நான் கட்டம் போட்டுக்கறேன்" என்றீர்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாமல் எட்டு நாள் சொன்னேன். கதவு திறக்கவில்லை என்றால் ஒரு கட்டம், விளக்கு எரியவில்லை என்றால் இன்னொரு கட்டம், உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் சிவப்புக் கட்டம், நடுநடுவே அம்புக்குறி. என் இருபத்தாறு வருடப் பேச்சும் திரை நிறைய நிற்பதைப் பார்த்து, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கண் கலங்கியது. ஒன்பதாம் நாள் "லைவ் பண்ணியாச்சு மச்சான்" என்று கை கொடுத்தீர்கள். பத்தாம் நாள் மேனேஜர், "சார், இனிமே நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்றார். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் என் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால், என் வீட்டுக்காரி அந்த சாட்பாட்டைப் போனில் திறந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு தன்மையா பேசுதே, இதெல்லாம் நீங்க சொல்லிக்கொடுத்ததா? என்கிட்ட ஒரு நாளாவது 'உங்க சிரமம் புரியுதுங்க'ன்னு சொல்லியிருக்கீங்களா?" என்று கேட்டாள். இந்தக் கேள்விக்கு நாம் கட்டமே போடவில்லை, மாப்பிள்ளை.

நேற்றுக் காலை பால் வாங்கித் திரும்பும்போது எங்கள் குடியிருப்பு லிஃப்ட், நம் கம்பெனி லிஃப்ட்தான், மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. சாட்பாட்டுக்கு எழுதினேன். "உங்க சிரமம் புரியுதுங்க, பதறாதீங்க, மெக்கானிக் கிளம்பிட்டார்" என்றது. கால் மணி கழித்துக் கேட்டேன். "பக்கத்துத் தெருவுக்கு வந்துட்டார்." இன்னும் கால் மணி கழித்துக் கேட்டேன். "டிராஃபிக்ல மாட்டிக்கிட்டார், இதோ வந்துடுவார்." அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாப்பிள்ளை, அந்த மூன்றும் பொய். என் சொந்தப் பொய். மெக்கானிக் கிளம்பிட்டார் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்ததும் நான் மூன்று மாடி இறங்கி ஓடி, டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கைத் திட்டிக் கிளப்பி, பைக்கில் ஏற்றிவிட்டு வருவேன். சொன்ன பொய்யைப் பத்து நிமிடத்தில் நிஜமாக்குவதுதான் என் உத்தியோகம். நான் என்ன சொல்வேன் என்று கேட்டீர்களே தவிர, போனை வைத்தபிறகு என்ன செய்வேன் என்று கேட்டீர்களா? நானும் சொல்லவில்லை. மாப்பிள்ளை முன்னால் டீக்கடைக்கு ஓடுகிறவன் என்று எப்படிச் சொல்வது? கடைசியில் மெக்கானிக்குக்கே போன் போட்டேன். "என்ன சார் இது, ஒரு வாரமா புகாரே இல்லன்னு நாங்க கேரம் ஆடிக்கிட்டு இருக்கோம், நீங்க வந்து கத்தினாத்தானே எங்களுக்குத் தெரியும்!" என்றான். அவன் வந்து கதவைத் திறக்கும்போது பால் கெட்டுப்போயிருந்தது. சாட்பாட், "எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியா?" என்று கேட்டது.

ஆகவே, என் வாக்கியங்களை ஒன்றுவிடாமல் அந்த சாட்பாட்டிலிருந்து எடுத்துவிட்டு, என் நாற்காலியை எனக்கு வாங்கிக் கொடுங்கள். அதுவரை நான் உங்கள் வீட்டு வாசல் மிதிக்கமாட்டேன். நீங்களும் தங்கையும் சகல சௌபாக்கியங்களோடு, லிஃப்ட் இல்லாத வீட்டில் நீண்டகாலம் வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது மேனேஜர் போன் செய்தார். "சார், மெக்கானிக் வந்து சொன்னார், ஃப்ளோவுல ஒரு கட்டம் விட்டுப்போச்சாம். சாட்பாட் 'கிளம்பிட்டார்'னு சொன்னதும் உங்க போனுக்கு மெசேஜ் வரும், நீங்க ஓடிப்போய் ஆளைக் கிளப்பிவிடணும்" என்றார். மேஜை கிடையாதாம், போனைத் தொடக்கூடாதாம், மாடிப்படி ஓரம் ஒரு ஸ்டூல் போட்டுத் தருவார்களாம். அவர் முடிப்பதற்குள் "சரிங்க சார்" என்றுவிட்டேன். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள், தங்கைக்குப் படித்துக் காட்டவேண்டாம், ஞாயிற்றுக்கிழமை இருவரும் சாப்பிட வந்துவிடுங்கள். என்னைக் கட்டமாகப் போடும்போது உள்ளே பெயர் எழுத இடம் இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் 'ஆள்' என்று போட்டாலும் போதும்.