ஈஸ்ட் மாப்பிள்ளையின் விடுமுறை

குளியலறைக் கதவைத் தாழிட்டு, மடியில் கணினியோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டியது. ஓடிக்கொண்டிருந்த வேலையை யாரோ நிறுத்திவிட்டார்கள்.

விடுமுறையில் கணினியைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டுதான் கணவனும் மனைவியும் மாமியார் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடம். அவள் கணினிப் பிரிவு. அவர் ஈஸ்ட்டின் மரபணுவை மாற்றி, காய்ச்சல் மருந்து சுரக்கவைக்கப் பாடுபடுகிறவர். அக்கம்பக்கத்தில் அவருக்கு 'ஈஸ்ட் மாப்பிள்ளை' என்றே பெயர்.

எந்த மரபணுவை எதோடு கோத்தால் மருந்து கூடும் என்று கிளவுடில், அதாவது ஆய்வுக்கூடம் வாடகைக்கு எடுத்திருந்த தொலைதூரக் கணினிகளில், கணக்குப் போட்டு, விடையை மாலைக்குள் டி.என்.ஏ. தயாரிப்பவர்களுக்கு அனுப்பியாக வேண்டும். தவறினால் அடுத்த மாதம்தான். காய்ச்சலில் கிடப்பவர்களுக்காகச் சத்தியத்தை மீறலாம் என்று அவரே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்.

மறுபடி ஓட்டினார். சீக்கிரம் முடியட்டுமென்று இரண்டு மடங்கு கணினிகளைக் கேட்டார். அதுவும் நின்றது, முன்னைவிடச் சீக்கிரமாக.

"மாப்பிள்ளை, வயிறு இன்னும் சரியாகலையா?" வெளியே மாமியாரின் குரல்.

"கொஞ்சம் பரவால்ல அத்தை. நீங்க போங்க."

வேலையின் பெயரை 'ஈஸ்ட்' என்பதிலிருந்து 'பழைய கோப்பு' என்று மாற்றி, பூனைபோல் மெல்ல ஓட்டினார். இம்முறை வேலையை நிறுத்தியதோடு, இதுவரை கிடைத்த விடைகளையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள்.

எதிராளி லேசுப்பட்டவன் இல்லை என்று புரிந்தது. குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில் இயக்குநருக்குப் போன் போட்டார்.

"சார், என் ஈஸ்ட்ல யாரோ கை வைக்கிறாங்க."

"தெரியும். காலையிலேயே புகார் வந்துருச்சு. லீவுல இருக்கிற மனுஷனை ஏன் தொந்தரவு பண்ணணும்னு சொல்லல. திருடன் உங்க கணக்கு வழியாவே உள்ள வந்திருக்கான்."

"என் கணக்கு வழியாவா?"

"ஆமா. இப்பத்தான் அந்தக் கணக்கையே மூடச் சொன்னேன். நிம்மதியா இருங்க."

"ரொம்ப நன்றி சார்" என்றார், பழக்கதோஷத்தில்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. திரை கடவுச்சொல் கேட்டது. கொடுத்தார். நீங்கள் யாரென்று தெரியவில்லை என்றது. திரும்ப அழைத்தால் இயக்குநர் எடுக்கவில்லை.

இனி ஒரே வழிதான். மனைவியிடம் உண்மையைச் சொல்லிக் காலில் விழ வேண்டும். கணினியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

"அத்தை, அவளைக் கொஞ்சம் கூப்பிடுங்க. அவசரம்."

மாமியார் மாடிப்படியை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இப்ப வேணாம் மாப்பிள்ளை. நீங்க உடம்பு முடியாம இருக்கிற நேரம் பாத்து உங்க ஈஸ்ட்டை எவனோ திருடப் பாக்கறானாம். உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு மாடியில கதவைச் சாத்திக்கிட்டு, காலையிலேருந்து அவனை விரட்டி விரட்டி அடிக்கிறா."