நைனா கொடுத்த ரத்தம்

எனக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சம் ஜாஸ்தி. அது என் ஆராய்ச்சிக்கே உலை வைக்கப் பார்த்தது.

எழுபதுகளின் கடைசியில் திருப்பதியில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். வயது ஏற ஏற மனித ரத்த அணுக்களில் குரோமோசோம்கள் எவ்வளவு உடைகின்றன என்று எண்ணுவது என் வேலை. (இதை நம்பிப் பெண் கொடுக்க யாரும் தயாராயில்லை.) இளைஞர் ரத்தம் விடுதியிலேயே கிடைத்தது. முதியவர்களுக்குச் சித்தூரில் எங்கள் சபை இருந்தது. ஞானஸ்நானப் பதிவேட்டில் எல்லாருடைய உண்மை வயதும் இருக்கும்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நாலு பெரியவர்களிடம் ரத்தம் எடுத்தேன். ஐந்தாவது, வீட்டில் நைனா, என் அப்பா. எடுத்து முடித்ததும் அளந்துவிட்டேன்.

"இத வச்சே உன் நெச வயசு இன்னான்னு புட்டுப்புட்டு வச்சிடுவேன் நைனா!"

அவர் முகம் வெளுத்தது. நைனா அரசாங்க குமாஸ்தா. பள்ளியில் வாத்தியார் குத்துமதிப்பாக எழுதிய பிறந்த தேதியால், ஆபீஸ் ரெக்கார்டில் ஐந்து வயது இளையவர். என் தங்கை கல்யாணம் வரையாவது வேலையில் இருந்தாக வேண்டும். இதெல்லாம் தெரிந்தும் என் மண்டையில் உறைக்கவில்லை.

"இந்த ரிப்போர்ட்டு ஆபீசுக்குப் போவுமா?"

"ஒலகத்துக்கே போவும்!"

கத்தியையே தொடாத நைனா, அன்று குழம்புக்குத் தானே கோழி அறுத்தார். "நீ துன்னுகினு இரு, ட்யூபெல்லாம் நான் ஐஸ்ல வக்கிறேன்" என்றார். பாசம் என்று உருகி, இரண்டு காலையும் நானே தின்றுவிட்டு ரயிலேறினேன். வழியில் பாகாலா ஸ்டேஷன் வந்தும் ட்யூப்கள் இருந்த ஐஸ் ஃபிளாஸ்க்கை மடியிலிருந்து இறக்கவில்லை.

மூன்று நாள் அணுக்களை வளர்த்து நுண்ணோக்கியில் பார்த்தேன். மனிதனுக்கு நாற்பத்தாறு குரோமோசோம். நைனாவுக்கு எழுபதைத் தாண்டியது. பாதிக்கு மேல் ரவை ரவையாய்க் கிடந்தது. முதுமை இப்படி நொறுக்கும் என்று எவன் கண்டான்! பட்டம் நிச்சயம் என்று துள்ளினேன். கூடவே அழுகையும் வந்தது. இவ்வளவு உடைந்த மனிதர் எப்படித் தினமும் சைக்கிளில் ஆபீஸ் போகிறார்?

பேராசிரியரை இழுத்துவந்து காட்டினேன். இளமையில் கோழிக் குரோமோசோம்களையே ஆராய்ந்தவர் அவர்.

"ஏமய்யா, இது கோழி."

"இல்ல சார், எங்க நைனா."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்போ நீ?"

அடுத்த ஞாயிறு நைனா ஒப்புக்கொண்டார். "என் ரத்தத்த வாழைக்கு ஊத்திட்டேன். பொண்ணு கல்யாணம் ஆவட்டும், எவ்ளோ வோணும்னாலும் எடுத்துக்கோ." எனக்குக் கோபமே வரவில்லை, வெட்கமாக இருந்தது.

தங்கை கல்யாணம் நன்றாக நடந்தது. இன்றும் எங்கள் வீட்டில் கோழி அறுக்குமுன் அவள் குனிந்து அதன் முகத்தை ஒரு தரம் உற்றுப் பார்ப்பாள்.

"நைனா இல்ல. அறுங்க."