கொக்கோப் பூ அத்தர்

மேலப்பாளையம் அத்தர் வியாபாரி அகமது மீரான், காதுமடலில் அத்தர்ப் பஞ்சு இல்லாமல் கடைப் படி இறங்கியது அன்றுதான் முதல் தடவை. தன்மேல் வேறு வாசனை இருந்தால் கொக்கோப் பூவைச் சோதிக்க முடியாதே.

அம்பாசமுத்திரம் தென்னந்தோப்பில், ஊடே நின்ற கொக்கோ மரத்தைத் தரகர் ஜெபசீலன் காட்டினார். பூ கிளையில் இல்லை. தண்டிலேயே மூக்குத்தி கணக்காக ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதுலயா அத்தர் எடுத்தீரு? மிட்டாய்க்காரன் சமாச்சாரம்லா வே இது!"

"மோந்து பாத்துட்டுப் பேசும் பாய். துபாய்க்காரர் புதுசா ஏதாவது கேக்காருன்னு நீருதான சொன்னீரு?"

வாஸ்தவம்தான். வெள்ளிக்கிழமை துபாய்க்காரர் வருகிறார். புதுச் சரக்கு இல்லையென்றால் எதிர்க்கடை சுஹைலிடம் போய்விடுவார்.

மீரான் மோந்தார். மெலிசாக ஒரு தேன் வாசம். உடனே சந்தேகம் வந்துவிட்டது. எடுத்த எடுப்பிலேயே நன்றாயிருக்கும் சரக்கை அவர் பரம்பரையில் யாரும் நம்பியதில்லை.

ஒத்துப் பார்க்க, ஜெபசீலனின் மாதிரிக் குப்பியிலிருந்து பஞ்சில் ஒரு துளி நனைத்தார். பஞ்சை மோந்தார், பூவை மோந்தார். கை தன்பாட்டுக்குப் பஞ்சை வழக்கமான இடத்தில் செருகிவிட்டு, அடுத்த மரத்தைப் பிடித்தது.

அங்கே பூ பிரமாதமாக மணந்தது. இலையும் மணந்தது. தென்னை மட்டையை மோந்தார். அதுவும் மணந்தது!

"ஏன்வே, தோப்பு பூராவும் அத்தர் தெளிச்சு வச்சிருக்கீரா?"

"பூச்சிமருந்து தெளிக்கவே வக்கில்ல பாய்!"

மீரான் வாய்க்காலில் மூக்கைக் கழுவினார். வாய்க்காலும் மணந்தது.

"தாமிரவருணித் தண்ணியக்கூட விட்டுவைக்கலியே! அந்தா கெடக்க சாணிகூட மணக்கு வே!"

ஜெபசீலன் குனிந்து சாணியை மோந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு நிமிர்ந்தார். "வேண்டாம்னா விடும். சுஹைல் வெளிய வேன்ல காத்துக் கெடக்கான்."

"அவன் தலையிலயே கட்டும். ஏமாளிப் பய!"

சுஹைல் மொத்தக் குப்பிகளையும் வேனில் ஏற்றுவதைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, மீரான் திருநெல்வேலி பஸ் ஏறினார். உட்கார்ந்து, நிம்மதியாக மூச்சை இழுத்தார்.

பஸ்ஸும் மணந்தது.

"இங்கனயும் தெளிச்சிட்டானா!" என்று எழுந்தேவிட்டார்.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். "உக்காரும் பாய். காதுல பஞ்சு சொருகியிருக்கீரே, என்ன அத்தர் அது? வண்டி பூரா தூக்குதே! எந்தக் கடையில கிடைக்கும்?"