வேனுக்குப் பால் காய்ச்சிய கதை

எங்கள் அப்பா ஜீவராஜ் மூன்று வருடமாக ஒரு சபதத்தில் இருந்தார். பொகவந்தலாவையில் இருக்கும் அம்மாவின் அண்ணன் சிவசாமி மாமா வீட்டு வாசலை மிதிப்பதில்லை.

காரணம் பெரியதுதான். மாமா மகள் கல்யாணத்துக்குக் எங்கள் ஊர் கொட்டகலைச் சொந்தம் முழுவதையும் தன் வேனில் நாலு நடையாக ஏற்றிப் போனவர் அப்பா. நாலாவது நடையில் அவர் வளைவுகளைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, பொகவந்தலாவையில் குடும்பப் போட்டோ எடுத்து முடித்துவிட்டார்கள்.

"ஒரு தடவ அண்ணன் வீட்டுக்கு வாங்களேன்" என்று அம்மா கேட்பார்.

"போட்டோவுல இல்லாதவனுக்கு வீட்டுல என்ன வேலை?"

மூன்று வருடமும் இதே கேள்வி, இதே பதில். அம்மாவுக்குப் பொறுமை மட்டும் வளர்ந்தது.

இந்த லீவில் அப்பாவுக்கு ஒரு ஞானம் பிறந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வேனிலேயே சமைத்து, வேனிலேயே தூங்கி, ஊர் ஊராகத் திரிவதைப் போனில் பார்த்துவிட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் எங்கள் வேனின் சீட்டெல்லாம் கழன்று முற்றத்துக்கு வந்தது. உள்ளே பலகைக் கட்டில் ஒன்று, கேஸ் குக்கர் அடுப்பு ஒன்று, கூரையில் தண்ணி பிடித்து வைக்க நீல நிறப் பிளாஸ்டிக் பரல். அம்மாவின் பழைய சேலை ஜன்னல் திரையாகிவிட்டது.

"மூணு நாளு. பனி, மலை, நானு, என் தலகாணி" என்றார் அப்பா. "மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு தூக்கம். ஒரு சொந்தக்காரன் சத்தம் காதுல விழக் கூடாது."

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். "எந்தப் பக்கம் போறோம்?"

"ராகலை."

"அதுதாங்க நல்லது. பொகவந்தலாவைப் பக்கம் வேணாம். ரோடு ஒடுக்கம். கட்டிலு, பரலு எல்லாம் ஏத்திக்கிட்டு அந்த வளைவுல உங்களால முடியாது."

அப்பாவின் ஸ்க்ரூட்ரைவர் நின்றது.

"யாரால முடியாது?"

"வயசாகுதில்லங்க."

"இருபது வருஷமா அந்த ரோட்டுல கண்ண மூடிக்கிட்டு ஓட்டுறவன் நான். பொகவந்தலாவைதான் போறோம். ஆனா இந்தா பாரு புள்ள, உங்கண்ணன் வீட்டுக்கு இல்ல. இந்த வேன் எங்க நிக்குதோ அதுதான் நம்ம வீடு. வேற எந்த வீட்டு வாசலையும் நான் மிதிக்க மாட்டேன்."

"சரிங்க. வீடுன்னு சொல்லிட்டீங்க, பால் காய்ச்சாம எப்படிக் குடி போறது?"

"காய்ச்சு. யாரு வேணாங்குறா."

அம்மா வெங்காயத்தைப் பார்த்துச் சிரித்தார். அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

நான் கேஷிகா, வயது பதினாறு. யார் குரலும் எனக்கு வரும். எங்கள் பிரின்சிபல், ஹட்டன் பஸ் கண்டக்டர், கொக்கரிக்கும்போது தொண்டை கட்டிக்கொள்ளும் பக்கத்து வீட்டுச் சேவல். அப்பா குரல் ரொம்பச் சுலபம். முதலில் இரண்டு செருமல். அப்புறம் மூக்கால் ஒரு "இந்தா பாருங்க."

அன்று சாயங்காலம் அம்மா அப்பாவின் போனோடு என்னை அலமாரிக்குப் பின்னால் நிறுத்தினார்.

"புது வீட்டுக்குப் பால் காய்ச்சும்போது தாய்மாமன் சீரோட வரணும். வீட்டு ஆம்பள வாயால அழைக்காம உங்க மாமா வர மாட்டாரு. அழை."

செருமினேன். "இந்தா பாருங்க மச்சான். நாளைக்குக் காலையில உங்க வீட்டுக்கு மேல, ரோடு அகலமாகுற எடத்துல, வேனுக்குப் பால் காய்ச்சுறோம். நீங்க வரணும். வீட்டுல எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாங்க."

அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் ஓசை. "வர்றேன் மாப்புள" என்றார் மாமா. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அம்மா சேலை முந்தானையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கடைசி செருமல் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார்.

மறுநாள் ஒன்பது மணிக்கெல்லாம் பொகவந்தலாவை போய்ச் சேர்ந்தோம். தேயிலை மலைக்கு மேலே ரோடு அகலமாகும் ஓரிடம். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் பனி. அப்பா கல் வைத்து டயரை நிறுத்தி, கை இரண்டையும் விரித்து மூச்சை இழுத்து விட்டார்.

"கேட்டியா? ஒண்ணும் கேக்கல."

உள்ளே போனவர் தலையை வெளியே நீட்டினார். "என் தலகாணி எங்க புள்ள?"

"இருக்கும்ங்க."

பால் பொங்கும் நேரம். கீழே பனிக்குள் ஒரு தாம்பாளம் தெரிந்தது. தாம்பாளத்துக்கு அடியில் சிவசாமி மாமா. அவருக்குப் பின்னால் அத்தை, மகள், மருமகன், பேரப்பிள்ளைகள், லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள். தேயிலைக்கு நடுவே ஒற்றைப்பாதையில் தோட்டத்தில் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டுக்கு வருகிற மாதிரி வரிசையாக ஏறி வந்தார்கள். எண்ணினேன். பதினேழு பேர்.

அப்பாவின் வாய் திறந்தது. அதற்குள் மாமா அவர் கையைப் பிடித்துவிட்டார்.

"நீங்களே வாய் தொறந்து கூப்பிட்டீங்களே மாப்புள. இந்தக் குரலக் கேட்டு மூணு வருஷமாச்சு."

அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் தேயிலைக் கொழுந்துகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் அம்மாவைப் பார்த்தார்.

"நீங்கதானே வீடுன்னு சொன்னீங்க" என்றார் அம்மா. "வீட்டுக்குச் சீரோட வந்தவங்கள வெளிய நிக்க வைப்பாங்களா? நாம யாரு வாசலையும் மிதிக்கலையே."

சீர்த் தாம்பாளத்தோடு வந்தவரிடம் 'நான் கூப்பிடவில்லை' என்று எந்த மனுசனால் சொல்ல முடியும்? அப்பா செருமினார். இரண்டு தடவை. "இந்தா பாருங்க" என்றார். "உள்ள வாங்க."

உள்ளே வந்தார்கள். பதினேழு பேரும்.

மத்தியானச் சோறு வேனிலேயே நடந்தது. கட்டிலில் ஆறு பிள்ளைகள் குதித்தார்கள். அத்தை பரல் தண்ணியில் பாதியைக் கை கழுவியே தீர்த்தார். மாமா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, தனக்கு லைசன்ஸ் கிடைக்காமல் போன கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார். நடுநடுவே ஹாரன் அடித்தார். அப்பாவுக்கு மிதிபலகையில் பாதி இடம் கிடைத்தது. கண் சொக்கும், ஹாரன் எழுப்பும்.

"ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரும் வந்துட்டோம் மாப்புள" என்றார் மாமா. "வீட்ட பூட்டியாச்சு. அங்க இப்ப ஒரு ஈ காக்கா கெடையாது."

அப்பாவின் தலை நிமிர்ந்தது.

"சத்தம் எதுவும்?"

"என்ன சத்தம்? கடிகாரச் சத்தம்தான்."

அப்பா கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். சபதத்தைப் பார்த்தார். மாமா மறுபடியும் ஹாரன் அடித்தார். அப்பா எழுந்து அம்மாவிடம் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "மச்சான் வீட்டுச் சாவி எங்கன்னு கேளு" என்றார்.

அம்மா கேட்கவில்லை. இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

வழி காட்டும் சாக்கில் நானும் ஒற்றைப்பாதையில் பின்னாலேயே இறங்கிப் போனேன். அப்பா பூட்டைத் திறந்தார். வாசலில் ஒரு நிமிடம் தயங்கினார். வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார்.

கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது. அதன் மேல், எங்களுக்கு முன்னாலேயே விடியற்காலை முதல் பஸ் ஏறி வந்துவிட்ட அப்பாவின் தலகாணி.