ஆறாவது தட்டில் எடுத்த படம்

பெரியவர்களுக்குப் பயமே கிடையாது என்று நினைக்காதீர்கள், பிள்ளைகளே. நாங்கள் பயத்தை மறைக்கப் பழகியவர்கள், அவ்வளவுதான். எனக்கு அதுவும் சரியாக வராது.

ஷார்ஜா தொழில்பேட்டையில் சாரம் கட்டும் கம்பெனி ஒன்றில் நான் ஸ்டோர் கீப்பர். நட்டு, போல்ட்டு எடுத்துக் கொடுப்பவன். வீட்டிலோ, மேகத்துக்குப் பக்கத்தில் வேலை என்று சொல்லி வைத்திருந்தேன். (மகள் அதை வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள்.)

எங்கள் சாரங்களைச் சோதிப்பவர் ஃப்ளோரன்ஸ் அக்கா, உகாண்டாக்காரர். அவர் பச்சை அட்டை மாட்டாமல் யாரும் ஏறக்கூடாது. ஒருமுறை மேனேஜர் கத்தியும் மாட்ட மறுத்தார். அன்று மாலைக் காற்றில் அந்தச் சாரம் சாய்ந்தது. மேலே ஒரு ஆள்கூட இல்லை.

மகளிர் தினத்துக்கு அவர் படத்தை ஆபீஸில் மாட்ட முடிவானது. மேலே போய் யார் எடுப்பது என்று கேட்டதும் என் வாய் "நான்" என்றது. கால்களிடம் அது கேட்கவே இல்லை. உயரத்தில் நிற்கும் அப்பா படம் வேண்டும் என்று மகளும் கேட்டிருந்தாளே.

பாதுகாப்பு பெல்ட் மாட்டிக்கொண்டு அக்கா பின்னால் ஏறினேன். ஆறாவது தட்டில் காற்று வீசியது. பலகை ஆடியதா, நான் ஆடினேனா தெரியாது. கம்பியைக் கட்டிப்பிடித்தேன். கீழே லாரி தீப்பெட்டியாகத் தெரிந்தது. கண்ணை மூடினால் உள்ளேயும் அதே லாரி. இனி மகளைப் பார்க்கவே மாட்டேன் என்று தோன்ற, அழுதேவிட்டேன்.

கீழிருந்து ஃபோர்மேன் காதர் பாய், "மாப்ள, டூட்டி முடிஞ்சிருச்சு, எறங்கலாம்" என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. ஏணியில் எனக்குக் கீழே இறங்கி நின்று, தனக்குத் தெரிந்த இந்தியில், "பையா, கீழ பாக்காத. காலை மட்டும் எங்கிட்ட குடு" என்றார். எல்கேஜி பிள்ளைக்கு ஷூ போடுவதுபோல என் காலைப் பிடித்துப் பிடித்து ஒவ்வொரு படியாக வைத்தார். படிக்கொரு தரம் "அம்மா" என்றேன். ஒவ்வொன்றுக்கும் அவர் பொறுமையாக "ஆங்" என்றார்.

அதைத்தான் காதர் பாய் கீழே நின்று படம் எடுத்திருந்தார். வேறு நல்ல படம் எடுக்கலாம் என்றார் மேனேஜர். அக்கா சம்மதிக்கவில்லை. "சிரிச்சுக்கிட்டு நிக்கிறது என் வேலை இல்ல. இதுதான் என் வேலை."

ஏறியதைவிட, அதை மகளிடம் காட்டத்தான் அதிகம் நடுங்கினேன். படத்தில் அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "இந்த ஆண்ட்டி யாருப்பா?" என்று கேட்டுவிட்டு, படத்தைப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோனாள்.

இப்போது எங்கள் ஹாலில், கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் அது தொங்குகிறது. விருந்தாளி வந்தால் என் மனைவி முதலில் அக்காவைத்தான் அறிமுகம் செய்வாள்:

"இவங்க இல்லேன்னா, இவருக்கு இன்னைக்கும் அந்தக் கம்பியிலதான் குடித்தனம்."